கடிதம் வளர்த்த தோழமை

ஏழாம் எட்வேட் மன்னர் பிரித்தானிய அரியணையில் வீற்றிருந்த காலம் நெடியதன்று. 1901 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் விக்டோரியா மகாராணியார் காலமானதும் அரசுரிமை எய்திய அவர், 1910 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக வாழ்வை நீத்தார். ஒன்பது ஆண்டுகளும் சில மாதங்களுமே நீடித்த அவ்வாட்சிக்கு ஆங்கில வரலாற்று நூல்கள் 'எட்வேட் காலம்' எனத் தனிப்பெயர் வழங்கியுள்ளன. மோட்டார் வண்டியும் மின்சார விளக்கும் மக்கள் வாழ்க்கையினுள் மெல்ல மெல்லப் புகுந்த காலம் அது. ஆயினும், அக்காலத்து மாந்தரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவ்வியந்திரங்களை ஆராய்வதிலும், தபாற்காரர் வீட்டு வாயிலிற் சேர்த்துச் சென்ற கடிதங்களை ஆராய்வதே தகும். சிறப்பாக, கல்வி கற்ற பெண்கள் ஒருவருக்கொருவர் வரைந்த கடிதங்கள், வேறெந்த நூலும் உரைக்காத பல செய்திகளை உரைக்கின்றன.

அக்காலத்துத் தபாற் சேவை இன்றைய மக்கள் வியக்கத்தக்க விரைவுடையதாக விளங்கிற்று. 1840 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பென்னித் தபால் முறை, கடிதம் எழுதுவதைச் செல்வரின் உரிமை என்னும் நிலையினின்றும் விடுவித்தது. 1897 ஆம் ஆண்டு முதல், நான்கு அவுன்ஸ் நிறை வரையுள்ள கடிதத்தை ஒரே பென்னி முத்திரையுடன் நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பலாம் என்றாயிற்று. அரைப் பென்னிக்குத் தபாலட்டை கிடைத்தது. 1902 ஆம் ஆண்டில், அட்டையின் ஒரே பக்கத்தில் முகவரியையும் செய்தியையும் எழுதலாம் என விதி தளர்த்தப்படவே, படத் தபாலட்டைகள் பெருகின. இலண்டன் மாநகரின் நடுப்பகுதியில் நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேலும் கடிதங்கள் வீடுதோறும் வழங்கப்பட்டன. காலையில் எழுதிய கடிதத்துக்கு மாலையில் மறுமொழி பெறுதல் அக்காலத்தவர்க்கு வியப்பன்று. எனவே கடிதம் என்பது அவர்களுக்கு ஒருவகை உரையாடலாகவே அமைந்தது.

இவ்வசதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானதே. எனினும், கல்வி கற்ற பெண்களுக்கு அது வேறொரு தேவையையும் நிறைவு செய்தது. இலண்டன் சர்வகலாசாலை 1878 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. கேம்பிரிட்ஜிலோ நிலை வேறு. அங்கே 1869 இல் கேர்ற்றன் கல்லூரியும் 1871 இல் நியூனம் கல்லூரியும் பெண்களுக்கெனத் தோன்றின. அவற்றிற் பயின்ற மாணவியர் ஆண்கள் எழுதிய அதே பரீட்சைகளை எழுதினர், சித்தியும் எய்தினர். ஆயினும் பட்டம் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1904 ஆம் ஆண்டு தொடக்கம் 1907 ஆம் ஆண்டு வரை, டப்ளின் நகரத்து டிரினிற்றிக் கல்லூரி இப்பெண்களுக்குப் பட்டமளிக்க இசைந்தது. ஏறத்தாழ எழுநூறு பெண்கள் கடல் கடந்து சென்று அப்பட்டத்தைப் பெற்று மீண்டனர். மக்கள் அவர்களை 'நீராவிக் கப்பற் பெண்கள்' என அழைத்தனர். கல்விக்கு வாயில் திறந்தும், அக்கல்வியின் மதிப்புக்கு வாயில் அடைத்தும் இருந்த நிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கல்லூரி வாயில் வரையும் செல்ல இயலாத பெண்களின் நிலை இன்னும் கடினமானது. நடுத்தர வகுப்புக் குடும்பங்களில், மகனைச் சர்வகலாசாலைக்கு அனுப்புவது கடமை. மகளை அனுப்புவது விருப்பம். வீட்டு நூலகமே அவளுக்குக் கல்லூரி. விருந்தினர்க்குத் தேநீர் வழங்கும் பிற்பகல் வேளையே அவளுக்கு உலகம். அறிவுள்ள ஆடவர் கல்லூரி அறைகளில் நள்ளிரவு வரை வாதாடித் தம் சிந்தையைக் கூர்மையாக்கிக் கொண்டனர். அவ்வாறு கூடிப் பேச இடமற்ற பெண்கள், தாளையும் மையையும் நாடினர். ஒருவர் எண்ணத்தை மற்றொருவர் அறிந்து திருத்தவும், ஊக்கவும், மறுக்கவும் கடிதமே களமாயிற்று. இவ்வுண்மையை விளக்கப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவரின் இளமைக்கால நட்பு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

வேர்ஜீனியா வூல்ஃப் என உலகம் அறிந்த அம்மையார், 1882 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25 ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். அப்போது அவர் வேர்ஜீனியா ஸ்டீபன். தந்தையார் லெஸ்லி ஸ்டீபன் பேரறிஞர். ஆங்கில நாட்டுப் பெரியோர் வரலாற்று அகராதியின் முதற் பதிப்பாசிரியர். அத்தகைய தந்தையின் மகளாகப் பிறந்தும் வேர்ஜீனியா சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டாரல்லர். தமையன் தோபி கேம்பிரிட்ஜ் டிரினிற்றிக் கல்லூரிக்குச் சென்றார். தங்கையோ இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் 1897 ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் கிரேக்கமும் வரலாறும் பயின்றதோடு அமைய நேர்ந்தது. பின்னர், கேர்ற்றன் கல்லூரியிற் பயின்ற ஜனற் கேஸ் என்னும் அம்மையார் வீட்டுக்கு வந்து அவருக்குக் கிரேக்கம் கற்பித்தார். கேம்பிரிட்ஜில் இருந்த தமையனுக்குக் கடிதம் எழுதிச் சேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி வினாவுவதும், வாதிடுவதும் வேர்ஜீனியாவின் கல்வியில் ஒரு பகுதியாயிற்று. தமக்கு மறுக்கப்பட்ட கல்லூரியின் வாசனையை அவர் தபால் வழியாகவே நுகர்ந்தார் எனலாம்.

இந்நிலையில், 1902 ஆம் ஆண்டளவில், வயலற் டிக்கின்சன் என்னும் அம்மையாருடன் அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. வயலற் 1865 ஆம் ஆண்டிற் பிறந்தவர், வேர்ஜீனியாவிலும் பதினேழு வயது மூத்தவர், ஆறடிக்கு மேல் வளர்ந்த நெடிய தோற்றத்தினர், மணம் புரியாதவர். காலஞ்சென்ற மூத்த சகோதரி ஸ்டெல்லாவின் தோழியாக அக்குடும்பத்துக்கு அறிமுகமானவர். உயர்குடி மக்களிடையே அவருக்குப் பல நண்பர் இருந்தனர்; ஆயினும் செருக்கு என்பது அவரிடம் இல்லை. எவர் வீட்டில் நோயோ துன்பமோ நேரினும் முதலிற் சென்று நிற்பவர் அவரே. வெல்வின் என்னும் ஊரருகே தமக்கென ஒரு வீட்டையும் அவர் அமைத்திருந்தார். தமக்கெனச் சொந்த வீடும், தமக்கெனச் சொந்த வாழ்வும் உடைய பெண் ஒருவரைக் காண்பது, தந்தையின் நோய்ப் படுக்கையருகே நாளைக் கழித்த இளம் பெண்ணுக்குப் புதியதோர் அனுபவமாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வேர்ஜீனியாவின் தாயார் 1895 இலும், தாய்க்கு நிகராக இருந்த ஸ்டெல்லா 1897 இலும் இறந்தனர். பதின்மூன்று வயதிலிருந்து தாயன்பை இழந்து வளர்ந்தவர், வயலற்றிடம் அதனை ஓரளவு மீளப் பெற்றார். அவர் எழுதிய கடிதங்களில் விளையாட்டும் ஏக்கமும் இணைந்து காணப்படுகின்றன. தம்மைச் சிறு விலங்காகவும் பறவையாகவும் புனைந்து கொள்வார். கங்காருவின் மடிப்பையிற் குட்டி ஒடுங்குவது போலத் தோழியிடம் ஒடுங்க விரும்புவதாக எழுதுவார். அடுத்த வரியிலேயே, அன்று படித்த நூலைப் பற்றியோ, வீட்டுக்கு வந்த உறவினரின் சலிப்பூட்டும் பேச்சைப் பற்றியோ கூர்மையான நகையுடன் வருணிப்பார். தந்தையின் நோய் எவ்வாறு நாளுக்கு நாள் மிகுந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். குடும்பத்தார் முன் அடக்க வேண்டிய சோர்வையும் சினத்தையும் அவர் அடக்காது வெளியிட்ட ஒரே இடம் இக்கடிதத் தாள்களே.

கடிதம் அக்காலத்தில் முற்றும் அந்தரங்கமான பொருளன்று என்பதையும் இங்கு நினைவில் இருத்தல் வேண்டும். காலையுணவு மேசையில் வந்த கடிதங்களை எல்லாரும் கேட்க வாசிப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஆகவே, மனத்தைத் திறந்து எழுதும் கடிதம் யாரிடம் செல்கின்றது, அதனை அவர் எவ்வாறு காப்பார் என்னும் நம்பிக்கையே நட்பின் முதல் அடையாளமாயிற்று. வயலற் அந்நம்பிக்கைக்கு முழுதும் உரியவராக இருந்தார். வந்த கடிதங்களை ஒன்றும் விடாது சேர்த்து வைத்தார். அவ்வாறு சேர்த்து வைத்ததன் பயன் பல்லாண்டுகள் கழித்தே வெளிப்பட்டது.

1904 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் லெஸ்லி ஸ்டீபன் இறந்தார். துயரம் தாங்காது வேர்ஜீனியாவின் மனநலம் குலைந்தது. அவ்வாண்டு கோடைகாலத்தில் வயலற் அவரைத் தம் வெல்வின் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தாதியர் துணையுடன் ஏறத்தாழ மூன்று மாத காலம் அங்கு வைத்துப் பேணினார். மனநோயைக் குடும்பத்தின் இழுக்காகக் கருதி மறைத்த காலத்தில், குருதி உறவு ஏதுமில்லாத ஒருவர் இப்பொறுப்பை ஏற்றது எளிய செயலன்று. எழுத்தில் வளர்ந்த தோழமை, எழுத்துக்கு அப்பாலும் தன் கடமையைச் செய்தது.

உடல் தேறிய பின்னர், வேர்ஜீனியாவுக்குத் தேவைப்பட்டது தொழில். அதற்கும் வயலற்றே வழி காட்டினார். குருமார் குடும்பங்களிற் பெரிதும் வாசிக்கப்பட்ட 'கார்டியன்' என்னும் வாரப் பத்திரிகை அப்போது இலண்டனில் வெளிவந்தது. மான்செஸ்ரர் நகரில் அதே பெயருடன் வெளிவந்த நாளிதழ் வேறு, இது வேறு. அதன் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த திருமதி லிற்றல்ரன் வயலற்றின் தோழி. தோழிக்குத் தோழியாக அறிமுகக் கடிதம் சென்றது. 1904 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14 ஆம் திகதி, அமெரிக்க நாவலாசிரியர் ஹவெல்ஸ் எழுதிய நாவல் ஒன்றுக்கு வேர்ஜீனியா வரைந்த மதிப்புரை பெயர் குறிக்கப்படாது அச்சாயிற்று. அடுத்த வாரம், புரொண்டி சகோதரியர் வாழ்ந்த ஹோவேர்த் கிராமத்துக்குத் தாம் சென்று வந்ததைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. உலக இலக்கியத்தில் நிலைபெற்ற எழுத்தாளர் ஒருவரின் அச்சு வாழ்வு இவ்வாறு ஒரு தோழியின் கடிதத்தில் தொடங்கிற்று.

இங்கே ஓர் உண்மை நோக்கற்பாலது. ஆடவர் உலகிலே தொழில்வாய்ப்பு என்பது கல்லூரி நட்பினால் வந்தது. ஒரே கல்லூரியிற் பயின்றவர்கள் பத்திரிகையிலும் பாராளுமன்றத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் ஒருவர் மற்றவர்க்கு வாயில் திறந்தனர். பெண்களுக்கு அத்தகைய மன்றங்கள் இல்லை. அவர்களுக்கிருந்தது கடிதத் தொடர்பு ஒன்றே. ஒருவர் மற்றவர்க்கு எழுதி, மற்றவர் வேறொருவர்க்கு எழுதி, வேலையும் நூலும் ஆசிரியரும் உறைவிடமும் தேடிக்கொண்டனர். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு வெறும் அரட்டையாகத் தோன்றிய இக்கடிதங்கள், உண்மையிற் பெண்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஒரு சங்கமேயாம்.

கடிதம் அவருக்கு எழுத்துப் பயிற்சிக் களமாகவும் அமைந்தது. தாம் எழுதிய கட்டுரைகளை வயலற்றுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார், குறை கூறினால் மறுத்து வாதாடுவார், பின்னர்த் திருத்துவார். எதிரில் இருப்பவர் ஒருவரே, அவரும் அன்புடையவர் என்னும் துணிவினால், சொற்களை வளைத்தும் உடைத்தும் பார்க்க அவர் அஞ்சவில்லை. பேச்சின் வேகத்தை எழுத்திற் கொணர்தல், ஒரு மனிதரை மூன்று வரிகளிற் கண்முன் நிறுத்துதல், ஒரு நினைவிலிருந்து மற்றொரு நினைவுக்குத் தாவுதல் ஆகிய ஆற்றல்கள் பிற்கால நாவல்களில் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. அவற்றின் முதல் முளைகளை இக்கடிதங்களிற் காணலாம். 1931 ஆம் ஆண்டிற் பெண்கள் சபையொன்றில் உரையாற்றியபோது, முதற் கட்டுரைக்குக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு தாம் ஒரு பாரசீகப் பூனை வாங்கியதாக அவர் நகைச்சுவையுடன் குறிப்பிட்டார். அந்நகையின் பின்னே, தாமே ஈட்டிய பணம் என்னும் பெருமிதம் மறைந்து நிற்கின்றது.

இந்நட்பைக் கடுமையாகச் சோதித்த நிகழ்ச்சி 1906 ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் வேர்ஜீனியா, சகோதரி வனெசா, வயலற் ஆகிய மூவரும் கிரேக்க நாட்டுக்குப் பயணமாயினர். சகோதரர் தோபியும் ஏட்ரியனும் அங்கே அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். நூல்களிலே கற்ற நாட்டைக் கண்ணாரக் காணும் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. வனெசா நோயுற்றார். இலண்டனுக்கு மீண்டதும் தோபியும் வயலற்றும் காய்ச்சலில் வீழ்ந்தனர். இருவரையும் பற்றியது நெருப்புக்காய்ச்சல். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கண்டறியப்படாத அந்நாளில் அந்நோய்க்கு நேர் மருந்து கிடையாது. தோபியின் நோயை வைத்தியர்கள் முதலில் மலேரியா என மயங்கியதால் நாட்களும் வீணாயின. நவம்பர் மாதம் 20 ஆம் திகதி, இருபத்தாறே வயதில், தோபி இறந்தார்.

வேறொரு வீட்டில் வயலற் இன்னும் படுக்கையிற் கிடந்தார். தோபி எவ்வாறு இருக்கின்றார் என அறிய அவர் நாள்தோறும் காத்திருந்தார். உண்மையை அறிவித்தால் அவருயிருக்கும் கேடு விளையக்கூடும் என அஞ்சினர். ஆகவே வேர்ஜீனியா ஒரு முடிவுக்கு வந்தார். இறந்த தமையனை எழுத்தில் வாழ வைத்தார். தோபி தேறி வருகின்றார் என எழுதினார். இறைச்சியும் பியரும் தர மறுக்கும் தாதியரிடம் அவர் சினங்கொள்வதாக எழுதினார். குதிரையேறிச் சென்று காட்டு வாத்துகளைக் காண்பது எப்போது என அவர் வினாவுவதாக எழுதினார். பறவைகளில் தோபிக்கிருந்த ஆர்வத்தை அறிந்த வயலற் அதனை நம்பாதிருக்கக் காரணம் ஏதுமில்லை. ஏறத்தாழ நான்கு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. புதைகுழியில் வைத்த அண்ணனைப் பகல்தோறும் உடல் தேற்றி, நடக்க வைத்து, உணவூட்டிய அக்கடிதங்களை எழுதியபோது அப்பெண்ணின் கை எவ்வாறு நடுங்காதிருந்தது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உருகும்.

அப்பொய்யை உடைத்ததும் ஓர் அச்சேறிய எழுத்தே. சட்ட வரலாற்றறிஞர் மெயிற்லண்ட், லெஸ்லி ஸ்டீபனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி அவ்வாண்டில் வெளியிட்டிருந்தார். அந்நூலுக்கு ஒரு சஞ்சிகையில் வந்த மதிப்புரை, அறிஞரின் மகன் அண்மையில் மறைந்த செய்தியையும் குறிப்பிட்டது. டிசம்பர் மாத நடுவில் வயலற் அதனைக் கண்ணுற்றார். உண்மை வெளிப்பட்டதை அறிந்த வேர்ஜீனியா, டிசம்பர் 18 ஆம் திகதி தம் செயலுக்கு மன்னிப்பு வேண்டி எழுதினார். வயலற்றை நோயினின்றும் காப்பதற்கு வேறு வழி தெரியவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

நன்மை விளையுமாயிற் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. ஆயினும் அந்நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்பதும் அவரே விதித்த எல்லை. வேர்ஜீனியாவின் செயலை இவ்வெல்லையில் வைத்து நோக்கினால் எளிதில் தீர்ப்புக் கூற இயலாது. தோழியின் உயிரைக் காக்க அவர் விரும்பினார் என்பது உறுதி. அதேவேளை, தமையன் இன்னும் வாழ்கின்றார் என நாள்தோறும் எழுதுவது அவருக்கே ஒரு மருந்தாகவும் இருந்திருக்கலாம். நம்பிக்கையின் அடித்தளத்தில் எழுந்த நட்பு, நம்பிக்கையை மீறிய ஒரு செயலையும் தாங்கி நின்றது. வயலற் அவரை வெறுத்து விலகவில்லை, கடிதங்களும் நிற்கவில்லை. ஆண்டுகள் பல கடந்து, 1922 இல் 'ஜேக்கப்பின் அறை' என்னும் நாவலை வேர்ஜீனியா வெளியிட்டார். இளமையில் மாண்ட ஓர் ஆடவனைச் சுற்றிலும் உள்ளோர் நினைவுகளால் வரைந்து காட்டும் அந்நூலில், தோபியின் சாயல் படிந்திருப்பதை ஆராய்ச்சியாளர் சுட்டுவர்.

தோபியின் மரணச் செய்தி கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது என்பது இந்நாட்டவர் அறியத்தக்க செய்தியாகும். தோபியின் கல்லூரித் தோழர் லெனாட் வூல்ஃப் அப்போது இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து யாழ்ப்பாணக் கச்சேரியிற் கடமையாற்றிக் கொண்டிருந்தார். 1904 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கப்பலேறுவதற்குச் சற்று முன்னரே அவர் தோபியின் இல்லத்தில் விருந்துண்டு விடைபெற்றிருந்தார். நண்பர் லிற்றன் ஸ்றேச்சி இலண்டனிலிருந்து எழுதிய கடிதமே அத்துயரை அவருக்கு எடுத்துரைத்தது. ஒரே மரணத்தை ஒரு கடிதம் இலண்டனில் மறைத்தது. மற்றொரு கடிதம் யாழ்ப்பாணத்தில் அறிவித்தது. பின்னர்க் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணிபுரிந்த லெனாட், 1911 ஆம் ஆண்டில் விடுமுறையிற் சென்றபோது வேர்ஜீனியாவை மீண்டும் சந்தித்தார். 1912 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10 ஆம் திகதி இருவரும் மணம் புரிந்தனர். அம்பாந்தோட்டைப் பகுதியைக் களமாகக் கொண்டு லெனாட் எழுதிய 'காட்டில் ஒரு கிராமம்' என்னும் நாவல் 1913 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது வேர்ஜீனியாவுக்கே உரிமையாக்கப்பட்டது.

துயரின் நிழல் சற்றே நீங்கிய 1907 ஆம் ஆண்டில், வேர்ஜீனியா தம் தோழிக்கு ஓர் அரிய பரிசு அளித்தார். வயலற்றையே தலைவியாகக் கொண்டு நகைச்சுவை ததும்ப எழுதிய வாழ்க்கை வரலாறு அது. ஊதா என்பது வயலற் என்னும் பெயரின் பொருள். ஆகவே ஊதா நிற மையிலே தட்டச்சிட்டு, ஊதா நிறத் தோலிலே கட்டடமும் செய்து கையளித்தார். அதன் இறுதிப் பகுதியில் உருவத்திற் பெரிய இரு இளவரசியர் மக்களைக் காக்கும் கதை ஒன்று வருகின்றது. நெடிய உருவமும் பெரிய உள்ளமும் படைத்த தோழிக்கு இதனினும் சிறந்த புகழ்மாலை அமையாது. அரசர்க்கும் தளபதிகளுக்கும் மட்டுமே வாழ்க்கை வரலாறு எழுதப்பட்ட நாட்டில், ஊரறியாத பெண் ஒருத்தியின் நற்குணமும் வரலாறாகும் என்பதை அவர் விளையாட்டாகவே நிலைநாட்டினார். 1928 ஆம் ஆண்டில் வேறொரு தோழியை முன்வைத்து அவர் எழுதிய 'ஒர்லாண்டோ' என்னும் நூலுக்கு இது முன்னோடி எனலாம்.

நட்புக் கடிதங்கள் பொதுவாழ்வுக்கும் வாயிலாக அமைந்ததுண்டு. 1910 ஆம் ஆண்டின் முதல் நாளில் வேர்ஜீனியா தம் கிரேக்க ஆசிரியை ஜனற் கேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயது வந்த அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டி உழைப்போருக்குத் தாம் கடித உறைகளில் முகவரி எழுதிக் கொடுத்தால் உதவியாகுமா என வினாவினார். அவ்வாறே சிலகாலம் அலுவலகத்தில் அமர்ந்து அப்பணியைச் செய்தார். மேடையேறி முழங்கியோரை வரலாறு போற்றுகின்றது. அவர்களுக்காக முகவரி எழுதிய கைகளை மறந்துவிடுகின்றது. 1918 ஆம் ஆண்டில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும், 1928 ஆம் ஆண்டில் ஆடவரோடு சமமாகவும் வாக்குரிமை கிடைத்ததற்கு அத்தகைய கைகளும் காரணமாயின. ஜனற் கேஸ் 1937 ஆம் ஆண்டிற் காலமானபோது, 'ரைம்ஸ்' பத்திரிகையில் அவருக்கு நினைவுரை எழுதியவர் அந்த மாணவியே.

காலம் செல்லச் செல்ல வயலற்றுக்குச் சென்ற கடிதங்கள் குறைந்தன. புதிய நண்பர் வந்தனர்; மணவாழ்வும் நூற்பணியும் வேர்ஜீனியாவை ஆட்கொண்டன. இளமையிற் பற்றுக்கோடாக நின்ற மூத்த தோழி மெல்லப் பின்னணிக்குச் சென்றார். இஃது உலகியற்கை. ஆயினும் வயலற் கடிதங்களின் அருமையை அறிந்தவர். அவருடைய மூதாதையர் வழியில் எமிலி ஈடன் என்னும் அம்மையார் இருந்தார். இந்திய மகாதேசாதிபதியாக இருந்த ஓக்லண்ட் பிரபுவின் சகோதரியான எமிலி, 1830 ஆம் ஆண்டுகளில் வட இந்தியாவெங்கும் பயணஞ் செய்து வரைந்த கடிதங்கள் புகழ் பெற்றவை. அவ்வம்மையாரின் கடிதங்களைத் தொகுத்து 1919 ஆம் ஆண்டில் நூலாகப் பதிப்பித்தவர் வயலற்றே. பழைய தாள்களை எரிக்காது காப்பதும் ஒரு தொண்டு என்பது அவருக்குக் குடும்ப வழியாகவே வந்த அறிவு.

1936 ஆம் ஆண்டில் அவர் ஒரு செயல் புரிந்தார். வேர்ஜீனியா தமக்கு எழுதிய முந்நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களைத் தட்டச்சிற் பிரதி செய்வித்து, இரு தொகுதிகளாகக் கட்டடம் செய்து, எழுதியவருக்கே அனுப்பி வைத்தார். ஐம்பது வயதைக் கடந்து புகழின் உச்சியில் நின்ற எழுத்தாளர் முன்னே, இருபது வயதுப் பெண்ணின் ஏக்கமும் குறும்பும் பொய்யும் அழுகையும் மீண்டும் வந்து நின்றன. 1941 ஆம் ஆண்டில் வேர்ஜீனியா மறைந்தார். 1975 ஆம் ஆண்டு முதல் அவருடைய கடிதங்கள் ஆறு தொகுதிகளாக அச்சேறின. அவற்றின் முதற் தொகுதியை நிரப்பி நிற்பன பெரும்பாலும் வயலற் காத்து வைத்த கடிதங்களே. மூலப் பிரதிகள் நியூயோர்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

1928 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூனம், கேர்ற்றன் ஆகிய இரு பெண்கள் கல்லூரிகளில் வேர்ஜீனியா ஆற்றிய உரைகள், மறு ஆண்டில் 'தனக்கென ஓர் அறை' என்னும் நூலாயின. எழுத விரும்பும் பெண்ணுக்குச் சொந்தப் பணமும் பூட்டத்தக்க அறையும் வேண்டும் என்பது அந்நூலின் புகழ்பெற்ற முடிபு. இவ்விரண்டும் வாய்ப்பதற்கு முன்னர் அவருக்கு வாய்த்தவர் வாசகி ஒருவர். எழுதியதை ஆவலுடன் எதிர்நோக்கி, பொறுமையுடன் படித்து, பத்திரமாகப் பூட்டி வைத்த அவ்வாசகியே அந்நாளில் அவருக்கு அறையாகவும் பொருளாகவும் விளங்கினார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பெண்களுக்கு முழுப் பட்டமளிக்க இசைந்தது 1948 ஆம் ஆண்டில். வயலற் டிக்கின்சன் கண்மூடியதும் அவ்வாண்டிலேயே. பட்டம் பெறாத பெண்கள் தம்முள் நடத்திவந்த அஞ்சல்வழிக் கல்லூரிக்கு ஆசிரியராகவும் மாணவியாகவும் இருந்தவர் அவர். அவர் பெயரால் மண்டபமோ சிலையோ எழுப்பப்படாவிடினும், அவர் காத்தளித்த கடிதங்கள் அவரைப் பேசிக்கொண்டே இருக்கின்றன.